நொடிக்கு நாற்பத்தையாயிரத்துச் சொச்சம்

“ஏங்க, உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் முடிவு பண்றாங்க இத்தனை மாசமா?”

“ஒரு நொடிக் குரலை எத்தனை துண்டா நறுக்கறதுன்னு.”

“வெங்காயம் மாதிரியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான். நீ பேசுறதை மெஷின் நொடிக்கு இத்தனை தடவைன்னு அளந்து எழுதிக்கும். எட்டாயிரம் தடவை அளந்தா, போன்ல ஜலதோஷக்காரன் பேசுற மாதிரி இருக்கும். இருபத்துநாலாயிரம்னா நல்லா இருக்கும். நாப்பத்தெட்டாயிரம்னா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும். அதுக்குப் பேருதான் சாம்பிள் ரேட்.”

“நிறையவே நறுக்கி வெச்சுக்கிட்டு, வேணும்னா அப்புறம் குறைச்சுக்க முடியாதா?”

“முடியும்.”

“கம்மியா நறுக்கிட்டு, அப்புறம் கூட்டிக்க?”

“முடியாது. இல்லாததை எங்கேருந்து கொண்டு வர்றது?”

“அப்புறம் என்னங்க யோசனை? துணியைப் பெருசா எடுத்துட்டா சின்னதா தெச்சுக்கலாம். இதை நீங்க அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம்,” என்றார் அவர்.

ஆறு வாரத்துக்கு முன்னால், தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பும்போது நடந்த பேச்சு இது. டாக்டர் சொன்னதைப் பற்றிப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே இருவரும் இதைப் பேசினார்கள். டாக்டர் நல்ல மனிதர். மனைவியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்று சொல்லி, காலண்டரில் ஒரு வியாழக்கிழமையை வட்டமிட்டுக் கொடுத்தார்.

போகப்போவது சாதாரணக் குரலும் இல்லை. பத்தொன்பது வருடமாக அந்த அம்மாள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால், ஜனங்கள் கோபப்படாமல் காபி குடிக்கப் போவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கட்டில்மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டுச் சென்ற பயணி எங்கிருந்தாலும் உடனே வந்து எடுத்துச் செல்லவும்.” பயணியும் பத்தொன்பது வருடமாக ஓடி வந்து எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்.

அந்தப் பயணி வேலை பார்த்தது குரல் காப்பு வாரியத்தில். நோயாலோ அறுவை சிகிச்சையாலோ குரலை இழக்கப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்து, கணினிக்குப் பழக்கி, பிறகு அவர்கள் கைபேசியில் தட்டச்சு செய்வதெல்லாம் அவர்கள் குரலிலேயே ஒலிக்கும்படி செய்வதுதான் வாரியத்தின் வேலை. தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவர் குரலும் இதுவரை பதியப்படவில்லை. ஆனால் வாரியத்துக்குச் சின்னம் இருந்தது, வரவேற்பறையில் மீன்தொட்டி இருந்தது, நாற்பது பேர் அமரும் கூட்ட அறை இருந்தது. ஒலிப்பதிவாளர் என்று அவரும் இருந்தார்.

பதியாததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்க விழாவில் தலைவர் நேரில் பேசவில்லை. குரலுக்கான வாரியம் என்பதால், முன்னாலேயே பதிந்துவைத்த அவருடைய உரையை ஒலிபரப்பி, அவர் மேடையில் புன்னகையோடு வீற்றிருப்பதாக ஏற்பாடு. உரை பதினாறாயிரத்தில் பதியப்பட்டிருந்தது. வாரியத்தின் ஆலோசகர், விழாவுக்கு ஒரு தரம் வேண்டாமா என்று கணினியில் நாற்பத்தெட்டாயிரம் என்று மாற்றிவைத்தார். முக்கால் மணி நேர உரை கால் மணி நேரத்தில் முடிந்தது. தலைவரின் குரல் அணிலின் குரலாகி, மனித குலத்தின் மேன்மையைப் பற்றிக் கீச்சுக்கீச்சென்று பேசியது. தலைவர் புன்னகையை விடாமல் உட்கார்ந்திருந்தார். அரசு விழாவில் இவ்வளவு சுருக்கமான உரையைக் கேட்டதே இல்லை என்று விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாளே தலைவர் பதிவறையைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சரியான எண் எதுன்னு இந்த வாரியம் முடிவு பண்ற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது,” என்றார். அந்தச் சாவி அன்றுமுதல் அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை மாறும், சாவி மாறாது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம். ஒலிப்பதிவாளர் இல்லாமல் ஒலியைப் பற்றிக் கூட்டம் போடக் கூடாது என்று விதி இருந்ததால் அவரையும் கூப்பிடுவார்கள். அவர் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேசையில் ஆளுக்கொரு மைக் இருக்கும். எந்த எண்ணில் பதிவது என்று முடிவாகாததால் அவை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அணைந்த மைக்குகளைக் கவனித்துக்கொள்வது அவருடைய பணி.

உறுப்பினர்கள் மூவர். தலைவர் தொண்ணூற்றாறாயிரம் என்றார். “இருக்கறதுலயே பெரிசு அதுதானே? நாம என்ன சின்ன வாரியமா?” ஆலோசகர் இருபத்துநாலாயிரம் என்றார், ஒரு வெளிநாட்டு மாநாட்டில் மதிய உணவின்போது பக்கத்தில் இருந்தவர் அப்படிச் சொன்னாராம். செயலாளர் பதினாறாயிரம் என்றார். காரணம் கேட்டபோது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “ஃபைல்ல ஏற்கெனவே பதினாறுன்னு டைப் அடிச்சாச்சுங்க. மாத்தினா நாலு இடத்துல கையெழுத்து வாங்கணும்.”

நாற்பத்தெட்டில் பதிந்துவிட்டு வேண்டியபடி குறைத்துக்கொள்ளலாம் என்று ஒலிப்பதிவாளர் ஆரம்பத்தில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், ‘எளிமையாக உள்ளது. வாரியத்தின் தகுதிக்கு ஏற்றதல்ல’ என்று எழுதியிருந்தது.

அவர் வற்புறுத்துகிற ஆள் இல்லை. ஓட்டலில் சட்னி தீர்ந்துபோனாலும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம், ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா’ என்பதுதான். அதையும் ரயில் நிலைய ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கப் போன இடத்தில், மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துக் கேட்டுவிட்டார். மூன்று பிளாட்பாரத்து ஜனங்களும் பதிலுக்காகக் காத்திருந்ததில் அந்த அம்மாளால் மறுக்க முடியவில்லை என்று உறவினர்கள் இன்றும் சொல்வார்கள்.

மனைவி விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பதாரர்களை எண்ணால்தான் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அவர் எண் முப்பத்தொன்று. அது தன் மனைவி என்று ஒலிப்பதிவாளர் யாரிடமும் சொல்லவில்லை.

“சொன்னா என்னங்க?” என்றார் மனைவி.

“சொந்தக்காரங்களுக்காக அலையறான்னு பேசுவாங்க.”

“நான் உங்களுக்குச் சொந்தக்காரியா? நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது.”

வீட்டிலேயே பதிந்தால் என்ன என்றும் பார்த்தார்கள். வாரியத்தின் கணினி, பதிவறைக் கருவி பதிக்கும் முத்திரை எண் இல்லாத எதையும் வாங்கிக்கொள்ளாது. படுக்கையறையில், மின்விசிறியை நிறுத்தி, போர்வைக்குள் உட்கார்ந்து மனைவி படித்த நாற்பது வாக்கியங்களைக் கணினி ஒரே நொடியில் திருப்பி அனுப்பியது. அந்த வாரியத்தில் ஒரே நொடியில் நடந்த வேலை அது ஒன்றுதான்.

டாக்டர் தேதி குறித்த பிறகு வந்த முதல் வாரம், கேட்டுப் பார்த்தே முடிவு செய்வோம் என்று ஆலோசகர் சொன்னார். ஒலிப்பதிவாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒரே வாக்கியத்தை ஆறு எண்களில் தயார்செய்து, ஆறு தடவை ஒலிக்கவிட்டார். உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

“மூணாவதுல ஒரு கண்ணியம் இருக்கு,” என்றார் தலைவர்.

“நாலாவதுல உயிர் எழுத்து எல்லாம் உருண்டு வருது. ஆனா ஆழம் போதலை,” என்றார் ஆலோசகர்.

“எனக்கு அஞ்சாவதைக் கேட்டதும் எங்கப்பா ஞாபகம் வந்துட்டுதுங்க,” என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருவியை எடுத்துவைக்கும்போதுதான் ஒலிப்பதிவாளர் கவனித்தார். விழா ரகளைக்குப் பிறகு கணினியில் யாரோ எண்ணை மாற்றவே முடியாதபடி பூட்டியிருந்தார்கள். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதைப் பதினாறாயிரமாக்கித்தான் அது வெளியே விட்டிருக்கிறது. ஆறு தடவையும் ஒலித்தது ஒன்றேதான். அதைச் சொல்லலாம் என்று அவர் நிமிர்ந்தபோது, மூன்றாவதன் கண்ணியத்துக்கும் நாலாவதன் உயிருக்கும் இடையில் வாக்குவாதம் முற்றிச் செயலாளர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் மறுபடி குனிந்துகொண்டார்.

இரண்டாவது வாரம், நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

“முப்பத்தொண்ணு மூணு தடவை போன் பண்ணி விசாரிச்சுட்டாங்க,” என்றார் செயலாளர். “ஏதோ தேதி நெருங்குதாம்.”

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சாய்ந்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம். “அவசரப்படுறாங்க. ஜனங்களோட குணமே அதுதான். நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. ஒரு குரல் போயிட்டா இன்னொரு குரல் வரும். நூத்திப் பன்னிரண்டு போனா இருநூறு வரும். ஆனா நாம ஒரு தப்பான எண்ணைப் போட்டுட்டா, அது நம்ம பேருல ஃபைல்ல நின்னுடும். எது பெரிய இழப்பு? யோசிச்சுப் பாருங்க.”

யோசித்துப் பார்த்தார்கள். ஃபைல்தான் என்று தெரிந்தது. முப்பத்தொன்றுக்கு ஒரு கடிதம் எழுதத் தீர்மானமாயிற்று. உறையில் முகவரி எழுதி ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்கும் வேலை, சும்மா இருக்கிற ஒலிப்பதிவாளருக்கு வந்தது. தன் வீட்டு முகவரியைத் தானே எழுதித் தானே தபாலில் சேர்த்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போனார். மூன்று நாள் கழித்து, விடுமுறை நாளில் தபால்காரர் வந்து மணியடித்தபோது, கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவரே.

மனைவி அதை அறிவிப்புக் குரலில் உரக்கப் படித்தார்: “விண்ணப்பதாரர் எண் முப்பத்தொன்றின் கவனத்திற்கு. உரிய வீதம் முடிவாகும்வரை தங்கள் குரலை நல்ல நிலையில், சேதாரமின்றி, தங்கள் சொந்தப் பொறுப்பில் பராமரித்து வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் மனைவிக்கு இருமல் வந்து, வெகுநேரம் நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை மனைவி காபி டம்ளரோடு ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார். ‘இனிமேல் பேச மாட்டேன். டாக்டரும் குறைக்கச் சொல்கிறார். முந்நூறு வாக்கியம் படிக்கணுமாமே? அதுக்குச் சேர்த்து வெச்சுக்கறேன்.’

ஒலிப்பதிவாளர் விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஆனால் வீட்டில் பேச்சு நின்றுபோனது. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் மனைவி பென்சிலால் எழுதிக் காட்டினார். ‘உப்பு சரியா?’ ‘சட்டை பட்டன் தெச்சாச்சு.’ ஒரு நாள் வேண்டுமென்றே ஈரத்துண்டைக் கட்டில்மேல் விரித்துப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவாளர் அடுத்த அறையில் காத்திருந்தார். அறிவிப்பு வரவில்லை. சிறிது நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் அவரை யாரும் அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை.

மூன்றாவது வாரம் வாரியத்தில் உற்சாகம். வேறொரு துறை தொலைபேசி வழியாக முன்பு சேகரித்த ஐயாயிரம் பழைய ஒலிக்கோப்புகள் வந்து சேர்ந்தன, எல்லாம் எட்டாயிரத்தில் இருந்தன. தலைவர் ஒரே ஆணையில் அவற்றைத் தொண்ணூற்றாறாயிரமாக உயர்த்தினார். ஒரு துண்டு இருந்த இடத்தில் கணினி பன்னிரண்டு துண்டுகளை நிரப்பியது. பதினொன்று அதன் சொந்தக் கற்பனை. கோப்பு பன்னிரண்டு மடங்கு பெருத்தது. உள்ளே இருந்தது அதே ஜலதோஷம்தான்.

இது ஒலிப்பதிவாளருக்கு வியப்பாக இருந்ததே தவிர, அங்கே வேறு யாருக்கும் வியப்பாக இல்லை. அறை பெரிதாகும், பெயர்ப்பலகை பெரிதாகும், உள்ளே இருப்பவர் அவரேதான் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாரும் கண்கூடாகப் பார்த்த விஷயம். செயலாளரே அப்படி இரண்டு தடவை உயர்ந்தவர்தான். வட்டுகள் நிரம்பி வழிந்தன. இடம் போதாமல், கோப்புகளில் பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களை எல்லாம் வெட்டி எறிந்தார்கள். அதைக் கொண்டு பழக்கிய கணினி, மூக்கடைத்த குரலில் மூச்சே விடாமல் பேசியது. தலைவர் கேட்டுவிட்டு, “ஒரு கம்பீரம் வந்திருக்கு, பாத்தீங்களா?” என்றார்.

நான்காவது வாரம் முடிவே வந்துவிட்டது. யாரும் விட்டுக்கொடுக்காததால், ஜனநாயக முறைப்படி மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். நொடிக்கு நாற்பத்தையாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று, மேலும் மூன்றில் ஒரு துண்டு. ஏகமனதாக நிறைவேறியது. இனிப்பு வழங்கினார்கள். ஒலிப்பதிவாளர் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார்.

“ஐயா, அந்த மூணுல ஒரு துண்டை மெஷின்ல எப்படிங்க செட் பண்றது?”

“அதைச் சரிக்கட்டிக்கிற அதிகாரத்தை உங்களுக்கே குடுக்கறோம்,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக. “கீழ்மட்ட ஊழியர்கள்மேல எங்களுக்கு நம்பிக்கை உண்டு.”

“அப்போ பதிவறையைத் திறந்துடலாங்களா?”

“எண்ணுக்கு ஏத்த மெஷின் வரட்டும்.”

உலகத்தில் உள்ள கருவித் தயாரிப்பாளர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. அப்படி ஓர் எண்ணில் இயங்கும் கருவியை யாரும் செய்வதில்லை என்று ஐந்து பேர் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஆறாவது ஆள், யார் இந்த விளையாட்டைச் செய்வது என்று கேட்டிருந்தான். ஐந்தாவது வாரம் முழுக்க அந்த ஆறாவது கடிதத்துக்குக் கண்டனம் தெரிவிப்பதில் போயிற்று.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை. காலண்டரில் வட்டமிட்ட வியாழனுக்கும் அன்றைக்கும் நடுவில் ஒரு புதன்தான் பாக்கி. மனைவி கழுத்தில் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, கைப்பையில் முந்நூறு வாக்கியங்கள் அச்சிட்ட தாள்களோடு செருப்பை மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டே?”

காலண்டர் தாளில் எழுதிக் காட்டினார்: ‘உங்க ஆபீஸுக்கு. விண்ணப்பதாரர் நேரில் வரக்கூடாதுன்னு விதி இருக்கா?’

“இல்லை...”

அவர் இன்னொரு வரி எழுதினார். ‘சொல்லலாம் சொல்லலாம்னு ஆறு வாரம் ஆச்சு.’

கூட்ட அறைக்கு வெளியே, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் மனைவி உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய முகமும் முழங்காலும் கைப்பையும் தெரிந்தன. ஒலிப்பதிவாளர் உள்ளே போய், அணைந்த மைக்குகளுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அன்றைய பொருள்: எண் முடிவாகும்வரை, எப்படிப்பட்ட குரல் சிறந்த குரல் என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தல்.

“இதுக்கு எதுக்கு துணைக்குழு?” என்றார் தலைவர். அன்றைக்கு அவர் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தார். “நான் தினம் ரயில்ல வர்றவன். ஸ்டேஷன்ல ஒரு அம்மா அறிவிப்பு பண்ணுவாங்களே, கேட்டிருப்பீங்க. அதுய்யா குரல்! ரயில் வராதுன்னு சொன்னாக்கூட, பரவாயில்லைம்மா, நீ நல்லா இருன்னு தோணும். இப்ப ஒரு மாசமாக் காணோம். ஏதோ மெஷினைப் பேச வெச்சிருக்கானுங்க, சகிக்கலை. அந்த அம்மா எங்க போனாங்கன்னே தெரியலை. அந்த மாதிரி ஒரு குரலைப் பதிஞ்சு வெச்சாத்தான் இந்த வாரியம் இருக்கறதுக்கே அர்த்தம். என்ன சொல்றீங்க?”

“ரொம்ப உண்மைங்க,” என்றார் ஆலோசகர். “நானும் கவனிச்சேன்.”

“தேடிப் பிடிக்கறதுக்கு வேணும்னா ஒரு குழு...” என்று செயலாளர் பேனாவைத் திறந்தார்.

தலைவர் பேசும்போது வழக்கம்போல் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து, மேசையில் மெல்லத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். டொக், டொக். அந்தச் சத்தம் ஒலிப்பதிவாளரின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் முழங்கால்மீது தாள்கள் வந்துவிட்டன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்து ஒத்திகை பார்ப்பதும் தெரிந்தது. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் அந்தப் பெஞ்சில் இருந்தது.

ஒலிப்பதிவாளர் எழுந்தார். நாற்காலி பின்னால் கிரீச்சிட்டது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்த் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தாளம் நின்றது.

“ஐயா, நீங்க தேடுற அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நீங்க ரிஜிஸ்டர் தபால் போட்டீங்களே, முப்பத்தொண்ணு, அது அவங்கதான். என் பொண்டாட்டி. நாளான்னிக்கு அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன். அதுக்கப்புறம் பேச்சு வராது. நீங்க சொன்னபடி சேதாரமில்லாம பராமரிச்சு, ஒரு மாசமா என்கூட ஒரு வார்த்தை பேசாம எடுத்துட்டு வந்திருக்காங்க. நான் இன்னிக்கே நாப்பத்தெட்டாயிரத்துல பதிஞ்சு வெச்சுக்கறேன். நீங்க நிதானமா, பத்து வருஷம் வேணும்னாலும் எடுத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. எந்த எண்ணைச் சொல்றீங்களோ அதுக்குக் குறைச்சுத் தர்றேன். ஏத்தச் சொன்னா ஏத்தியும் தர்றேன், அது உங்களுக்குப் பழக்கமானதுதான். மூணுல ஒரு துண்டு வேணும்னாக்கூட எப்படியாவது ஒட்டிக் குடுத்துடறேன்.”

உள்ளங்கையை விரித்து நீட்டினார். பதினோரு மாதமாக மென்று விழுங்கியது அவ்வளவு எளிதாக வெளியே வந்ததில் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அந்தச் சாவியைக் குடுங்க.”